ஓரம் என்றால் எவ்வளவு ஓரம்? சென்னையில் சைக்கிள் போக வேண்டிய இடம்

சென்னையில் சைக்கிள் வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இது: மாநகரப் பேருந்தும் தண்ணி லாரியும் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் ஓட்டுவதா, பேசாமல் பிளாட்பாரத்தில் ஏறிவிடுவதா? பெரியவர்கள் ஓட்டினால் ரோட்டில்தான். பிளாட்பாரத்துக்குப் போக வேண்டி வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். ரோட்டில் பயமாக இருப்பதற்கு வண்டிகள் மட்டும் காரணமில்லை, ரோட்டில் நாம் போகிற இடமும் ஒரு காரணம். வண்டிகளை நம்மால் மாற்ற முடியாது. போகிற இடத்தை இன்றைக்கே மாற்றலாம்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். அதே சமயம் அது நடப்பவர் கணக்கிலும் வராது. சிக்னல், ஒருவழிப் பாதை, இடப்பக்கம் போவது எல்லாம் சைக்கிளுக்கும் உண்டு. பிளாட்பாரம் நடப்பவருக்கானது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம், நடப்பதற்கு ஏற்ற பிளாட்பாரம் கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பைக்காரர்கள் ஏறி வருவதைத் திட்டிக்கொண்டே நாமும் ஏறினால், தாத்தா பாட்டிகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிளாட்பாரம் எங்கே ஏமாற்றும்

2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு பல சாலைகளில் பிளாட்பாரம் அகலமானது. 2019-இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஆனால் சிக்கல் அகலத்தில் மட்டும் இல்லை.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி நடக்கிற இடம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். சைக்கிள் ஹேண்டில்பாரின் அகலம் 55 முதல் 65 சென்டிமீட்டர். ஓட்டும்போது இரு பக்கமும் ஆடுவதைச் சேர்த்தால் ஒரு மீட்டர் பிடிக்கும். மீதி 80 சென்டிமீட்டரில் எதிரே ஒருவர் குடையோடு வந்தாலே இடித்துக்கொள்ள வேண்டியதுதான். இது ஈ.பி. பெட்டி, இளநீர்க் கடை, சைடு ஸ்டாண்டு போட்ட பைக் எதுவும் இல்லாத பிளாட்பாரத்தின் கணக்கு. அப்படி ஒன்றைக் கண்டால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அகலத்தை விடப் பெரிய ஆபத்து வீட்டுக் கேட். கார் கேட்டை விட்டு வெளியே வரும்போது ஓட்டுபவரின் கண் பானெட் நுனியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. இரு பக்கமும் காம்பவுண்டு சுவர். அவர் தெருவைப் பார்ப்பதற்குள் காரின் மூக்கு பிளாட்பாரத்தைத் தாண்டியிருக்கும். நடந்து வருபவர் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார், ஒரு எட்டு பின்வாங்கினால் தப்பித்தார். 15 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் 4 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே கதை முடிந்தது. அடுத்து தெருமுனை. பிளாட்பாரம் முடிந்து நீங்கள் ரோட்டில் இறங்கும் அதே இடத்தில்தான் பைக்கும் ஆட்டோவும் லெஃப்ட் அடிக்கும். அவர்கள் ரோட்டைப் பார்த்துத் திரும்புகிறார்கள். நிறுத்தியிருந்த காருக்குப் பின்னாலிருந்து நீங்கள் முளைப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இதைத் தவிர்க்க மெதுவாகத்தான் போகிறேன் என்பார்கள். பிளாட்பாரத்தில் யாருக்கும் ஆபத்தில்லாத வேகம் நடக்கிற வேகம், அதாவது மணிக்கு 5 கி.மீ. அந்த வேகத்தில் சைக்கிள் நேராக நிற்காது, ஹேண்டில் இடமும் வலமும் ஆடும், இன்னும் அகலமாக இடம் கேட்கும். அதனால்தான் தள்ளச் சொல்கிறோம். தள்ளும்போது செயின் இல்லாத இடப்பக்கத்தில் நில்லுங்கள். வேட்டியும் பேன்ட்டும் கிரீஸ் ஆகாது, பெடல் முழங்காலில் இடிக்காது.

விளிம்பில் ஏறும் விதம்

நகரத்தில் சைக்கிளிலிருந்து விழுகிறவர்களில் பலரை எந்த வண்டியும் தொட்டிருக்காது. பிளாட்பார விளிம்பு தள்ளிவிட்டிருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்த இடங்களில், தாருக்கும் ஓரத்து மண்ணுக்கும் இடையில் ஐந்தாறு சென்டிமீட்டர் படி விழுந்திருக்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

விளிம்பு உங்களுக்கு இணையாக ஓடும்போது முன் சக்கரத்தைச் சற்றே சாய்த்து ஏற்றப் பார்ப்பீர்கள். டயரின் பக்கவாட்டு மட்டும் விளிம்பில் உரசும், ஏறாது. சக்கரம் விளிம்போடு சேர்ந்தே ஓடும், உடம்பு மட்டும் திரும்பிய திசைக்குப் போகும். விழாமல் இருக்க ஹேண்டிலை எந்தப் பக்கம் வெட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் வெட்ட விளிம்பு விடாது. அப்படியே சாய்வீர்கள். மூன்று சென்டிமீட்டர் உயரம் போதும், மழை ஈரம் இருந்தால் அதுகூட வேண்டாம்.

எனவே இப்படிச் செய்யுங்கள். தாரை விட்டுக் கீழே இறங்கிவிட்டால் உடனே மேலே ஏறப் பார்க்காதீர்கள். பெடலை நிறுத்தி, மண்ணிலேயே நேராக ஓடவிட்டு வேகத்தைக் குறையுங்கள், முன் பிரேக்கைத் தொடாமல். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்தபின் விளிம்பை விட்டு அரை மீட்டர் இன்னும் இடப்பக்கம் விலகி, அங்கிருந்து ஹேண்டிலைத் திருப்பி, கூடிய மட்டும் குறுக்காக ஏறுங்கள். 45 டிகிரிக்குக் குறையக் கூடாது. சக்கரம் தொடும் நேரத்தில் சீட்டிலிருந்து லேசாக எழுந்து உடம்பின் எடையைப் பின்னால் கொடுத்தால் ரிம் அடி வாங்காது. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள பிளாட்பாரக் கல்லில் ஓட்டியே ஏறலாம் என்ற எண்ணமே வேண்டாம். இறங்கி முன் சக்கரத்தைத் தூக்கி வையுங்கள். ரயில்வே கேட்டின் தண்டவாளப் பள்ளத்துக்கும் மேம்பால இணைப்பு இரும்புக்கும் இதே குறுக்குக் கணக்குதான்.

ரோட்டில் எங்கே

“ஓரமாப் போ” என்று ஊரே சொல்லும். சொல்கிறவர்கள் பெரும்பாலும் ரோட்டின் கடைசி ஒரு அடியைக் காட்டுகிறார்கள். அங்கேதான் மணல், ஜல்லி, மழைநீர் வடிகாலின் இரும்புச் சல்லடை, உடைந்த சிமென்ட் மூடி எல்லாம் இருக்கும். அந்த ஒரு அடியில் ஓட்டுபவர் ஒவ்வொரு குழிக்கும் திடீரென்று வலப்பக்கம் வெட்ட வேண்டி வரும். பின்னால் வருபவருக்கு அது ஊகிக்க முடியாத வெட்டு. ஓட்டுபவருக்கும் ஒதுங்க இன்னொரு பக்கம் இருக்காது.

தார் முடியும் இடத்திலிருந்து உங்கள் சக்கரம் 75 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடட்டும். அளவு பிடிபடவில்லையென்றால் ஒரு நாள் காலை, கூட்டம் இல்லாத தெருவில் மூன்று அடியை அளந்து சாக்பீஸில் கோடு போட்டு அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். முதலில் நடுரோட்டில் போவது போலத் தோன்றும். இரண்டு நாளில் பழகிவிடும். இந்த இடத்தில் போனால் பின்னால் வருபவருக்குத் தூரத்திலிருந்தே தெரிவீர்கள். பக்கத்துத் தெருவிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கும் தெரிவீர்கள். யாராவது மிக நெருங்கி வந்தால் இடப்பக்கம் ஒதுங்க அந்த ஒரு மீட்டர் கையிருப்பாக இருக்கும்.

ரோடு குறுகும் இடங்களில், அதாவது மெட்ரோ தடுப்பு வைத்த இடம், சின்னப் பாலம், ஒருபக்கம் பள்ளம் தோண்டிய தெரு, இன்னும் நடுவே வாருங்கள். கார் ஒன்று உங்களை உரசாமல் தாண்ட முடியாத அகலத்தில் ஓரமாக ஒதுங்குவது, “தாண்டிக்கோ” என்று நீங்களே சைகை காட்டுவதற்குச் சமம். குறுகலுக்கு 20 மீட்டர் முன்பே திரும்பிப் பார்த்து, வலக்கையை நீட்டி, நடுவுக்கு வந்துவிடுங்கள். தாண்டியதும் மறுபடி இடப்பக்கம். ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஹாரன் அடிப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

நேர்க்கோட்டில் போவது ஒரு பழக்கம். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு இடையே காலி இடம் வந்தால் உள்ளே நுழைந்து, அடுத்த காருக்கு வெளியே வருகிறவர்கள் உண்டு. மரியாதைக்குச் செய்வதுதான், ஆனால் வெளியே வரும் ஒவ்வொரு முறையும் பின்னால் வருபவரின் பாதையில் புதிதாக நுழைகிறீர்கள். அடுத்த கார் 50 மீட்டருக்குள் இருந்தால் உள்ளே போகாதீர்கள்.

கதவு, ஆட்டோ, பஸ்

கார்க் கதவு முழுக்கத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும். நிறுத்திய காரைத் தாண்டும்போது ஹேண்டில் நுனிக்கும் காருக்கும் இடையே அந்த ஒரு மீட்டர் இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் நடக்கிற வேகத்துக்கு இறங்குங்கள். பின் கண்ணாடி வழியாகத் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பாருங்கள். அது கதவு திறக்கப் போகிற கார்.

ஆட்டோவில் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இடப்பக்கம். ஷேர் ஆட்டோ ரோட்டின் நடுவிலேயே நின்றாலும் ஆள் இடப்பக்கம்தான் குதிப்பார். நின்ற ஆட்டோவுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையில் சைக்கிள் புகும் அளவு சந்து தெரியும், புகாதீர்கள். பின்னால் நில்லுங்கள், அல்லது வலப்பக்கம் பார்த்துத் தாண்டுங்கள்.

பஸ்ஸைப் பற்றி இரண்டே இரண்டு தெரிந்தால் போதும். ஒன்று, 12 மீட்டர் நீள பஸ் இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது. அதைவிட உள்ளே, பிளாட்பாரத்தை ஒட்டி வெட்டிக்கொண்டு வரும். திருப்பத்தின் தொடக்கத்தில் பஸ்ஸுக்கும் கல்லுக்கும் நடுவே தாராளமாக இருந்த இடம் திருப்பத்தின் நடுவில் இருக்காது. டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், பஸ்ஸின் இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கிற சைக்கிள் அவருக்குத் தெரியாமலே போகலாம். சிக்னலில் பஸ், லாரி எதன் இடப்பக்கமும் முன்னேறிப் போய் நிற்காதீர்கள். பின்னால் 3 மீட்டர் விட்டு, அதன் சைடு கண்ணாடி உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள். கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

இரண்டு, ஸ்டாப்பிங்கில் நடக்கும் கண்ணாமூச்சி. பஸ் உங்களைத் தாண்டி நிற்கும், நீங்கள் தாண்டுவீர்கள், மறுபடி அது தாண்டும். நான்கு ஸ்டாப்பிங்குக்கு நான்கு ஆபத்து. பஸ் தாண்டியதும் ஒரு நிமிடம் மெதுவாகவே போங்கள், அது போய்விடட்டும். வலப்பக்கம் தாண்டியே தீர வேண்டுமென்றால் பாதி நீளத்தைக் கடந்தபின் கண்டக்டர் விசில் கேட்கிறதா, முன் சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். இண்டிகேட்டரை நம்பிப் பயனில்லை. திரும்புகிற சக்கரம் பொய் சொல்லாது.

சிக்னலில் வலப்பக்கம் திரும்ப

நான்கு வரிசை ரோட்டில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்க ஓரத்துக்கு வரிசை மாறி மாறிப் போவதற்குப் பழகிய கால் வேண்டும். அதற்குப் பதில் இரண்டு கட்டமாகத் திரும்புங்கள்:

1. பச்சை விழுந்ததும் நேராகப் போகிறவர்களோடு இடப்பக்கமாகவே சந்திப்பைக் கடந்துவிடுங்கள்.
2. எதிர் மூலைக்குப் போனதும் வேகத்தைக் குறைத்து, இடப்பக்கத் தெருவிலிருந்து வருகிற வண்டிகள் நிற்கும் கோட்டுக்குச் சற்று முன்னால், பிளாட்பாரத்தை ஒட்டி நில்லுங்கள்.
3. சைக்கிளை வலப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து, அந்தத் தெருவின் பச்சைக்குக் காத்திருங்கள். விழுந்ததும் அவர்களோடு நேராகப் போனால் நீங்கள் திரும்ப வேண்டிய தெருவுக்குள் இருப்பீர்கள்.

இரண்டாம் கட்டத்தில் ஜீப்ரா கோட்டின்மேல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது நடப்பவருக்கு இடைஞ்சல், ஈரமானால் அந்த வெள்ளை பெயின்ட் வழுக்கும். ஃபிரீ லெஃப்ட் உள்ள சந்திப்பில் நேராகப் போக வேண்டியவர் கடைசி இடப்பக்க வரிசையில் நின்றால் பின்னாலிருப்பவர்கள் திட்டுவார்கள், அல்லது முன்னால் வெட்டித் திரும்புவார்கள். 30 மீட்டர் முன்பே அடுத்த வரிசைக்கு வந்துவிடுங்கள்.

ராங் சைடு

நல்ல சைக்கிள்காரர்களும் செய்கிற தவறு இதுதான். காரணமும் புரிகிறது: ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் சென்டர் மீடியன் நீண்டுகொண்டே போகும். எதிரே தெரிகிற கடைக்கு யூ டர்ன் போட்டு வர ஒரு கிலோமீட்டர் மிதிக்க யாருக்கு மனம் வரும். எதிரே வருகிற வண்டி கண்ணில் தெரிவதால் ராங் சைடுதான் பத்திரம் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள்.

கணக்குப் போட்டால் வாதம் நிற்காது. 40 கி.மீ. வேகத்தில் வரும் பைக் பின்னாலிருந்து 15 கி.மீ. சைக்கிளை நெருங்கும் வேகம் 25. எதிரே வந்தால் 55. நேரம் பாதிக்கும் குறைவு. அதோடு, சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு லெஃப்ட் அடிப்பவர் வண்டி வருகிற வலப்பக்கத்தை மட்டுமே பார்ப்பார், நீங்கள் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வருகிறீர்கள். எதிரே ஒழுங்காக வரும் இன்னொரு சைக்கிள்காரர் உங்களுக்காக நடுரோட்டுக்கு ஒதுங்க வேண்டியும் வரும்.

200, 300 மீட்டர் என்றால் இறங்கிப் பிளாட்பாரத்தில் தள்ளுங்கள், நான்கு நிமிடம்தான். அதற்கு மேல் என்றால் மெயின் ரோட்டுக்கு இணையாக ஓடும் உள்தெருவைத் தேடி வையுங்கள். பெரும்பாலான இடங்களில் ஒன்று இருக்கும், மேப்பில் பார்த்தால் தெரியும். சர்வீஸ் ரோடு இருந்தால் நல்லது, ஆனால் அதை எல்லோருமே இருவழியாகத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைவில் வைத்து ஓட்டுங்கள்.

சிறுவர்கள்

மேலே சொன்னது எதுவும் எட்டு வயதுக் குழந்தைக்குப் பொருந்தாது. வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் பக்குவம் அந்த வயதில் இல்லை, தலையும் நிறுத்திய காரின் உயரத்தைத் தாண்டாது. ஜெர்மனியில் எட்டு வயது ஆகாத குழந்தை பிளாட்பாரத்தில்தான் ஓட்ட வேண்டும், பத்து வரை ஓட்டலாம். ஜப்பானில் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 70 வயது ஆனவர்களுக்கும் அனுமதி உண்டு. நம் ஊரிலும் அதே நியாயத்தில் சின்னவர்களைப் பிளாட்பாரத்தில் விடலாம், பெரியவர் பக்கத்தில் நடந்து வர வேண்டும். ஒவ்வொரு கேட்டிலும் ஒவ்வொரு தெருமுனையிலும் காலை ஊன்றி நிறுத்தப் பழக்குங்கள். பத்து, பன்னிரண்டு வயதில் உள்தெருக்களில் முன்னே அவர்கள், பின்னே நீங்கள். பின்னால் வருபவர் அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி வந்தால் தாண்டுகிற வண்டி தானாக விலகும். பிளஸ் ஒன்னில் அரசு சைக்கிள் கிடைக்கும்போது பெரும்பாலோர் நேராக மெயின் ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தச் சைக்கிளின் சீட்டை அவர்கள் உயரத்துக்கு மாற்றி, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது வீட்டில் உள்ளவர் வேலை. பக்கத்தில் பக்கமாக மூன்று பேர் பேசிக்கொண்டு போவதை மட்டும் எந்த அப்பாவாலும் நிறுத்த முடிந்ததில்லை.

இறங்கித்தான் ஆக வேண்டிய இடங்கள்

பெரிய மேம்பாலத்தில் ஏறும்போது வேகம் 8, 10 கி.மீ.க்கு இறங்கிவிடும், ஒதுங்க இடம் இருக்காது, சரிவில் மற்றவர்கள் வேகமெடுத்து வருவார்கள். கீழே வழி இருந்தால் கீழேயே போங்கள். கத்திப்பாரா போல வளைந்து வளைந்து இணையும் இடங்களில் ஒரு கிளை சேரும்போதோ பிரியும்போதோ அதைக் குறுக்கே கடப்பதுதான் சிக்கல். ஓரமாக நின்று, இடைவெளி வந்தபின், கிளைக்குச் செங்குத்தாகக் கடந்து மறுபடி ஏறுங்கள். சைக்கிள் படம் போட்ட சிவப்பு வட்டப் பலகை இருந்தால் அங்கே நுழையவே கூடாது.

மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் அடி தெரியாது. மூடி திறந்த வடிகால் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும், எனவே தண்ணீருக்குள் ஓரமாகப் போகாமல் நடுவில் போங்கள். முன்னால் போகிற வண்டி இறங்கி ஏறுகிற இடங்களைப் பார்த்துப் பின்தொடருங்கள். முழங்கால் அளவு என்றால் இறங்கிவிடுங்கள். ஸ்டீல் ரிம் உள்ள சைக்கிளில் நனைந்தபின் முதல் சில சுற்றுக்குப் பிரேக் கட்டை வழுக்கும். காய்ந்த ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து 11 மீட்டரில் நிற்கிற சைக்கிள், ஈரத்தில் அதில் இரண்டு மடங்கு கேட்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே கட்டையை லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. மின்னுகிற விளக்கைவிட நிலையாக எரிவதில்தான் பின்னால் வருபவருக்குத் தூரம் சரியாகப் பிடிபடும், இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. மாட்டியபின் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பத்தடி பின்னால் போய்க் குனிந்து, கார் டிரைவரின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். கேரியரில் கட்டிய டிபன் பையோ, சீட்டிலிருந்து தொங்குகிற சட்டை நுனியோ அந்தச் சிவப்பை மறைத்துக்கொண்டிருக்கும்.